மவுஸ் ஓடும், மென்பொருள் ஏறாது: ஏன்? டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் வாழ்க்கையில் இருக்கிறது பதில்

உத்திரமேரூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்த லேப்டாப். நாள் முழுக்க டச்பேடில் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வலி. காஞ்சிபுரம் போன ஒரு சனிக்கிழமை, கொஞ்சம் நல்ல மவுஸாகப் பார்த்து வாங்கி வருகிறார். செருகியாச்சு, ஓடுது. சந்தோஷம்.

மவுஸின் பக்கவாட்டில் கூடுதலாக இரண்டு பட்டன். ஒன்றைக் காப்பிக்கும் இன்னொன்றைப் பேஸ்ட்டுக்கும் மாற்றி வைக்கலாம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. அதற்கான மென்பொருளை இறக்கி, இன்ஸ்டால் கொடுத்தால் திரை மங்குகிறது. நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அது அவரிடம் இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கும் ஐடி டீமிடம் இருக்கிறது.

மவுஸை யாரையும் கேட்காமல் செருகலாம். அதன் பட்டனை மாற்ற மட்டும் அனுமதி வேண்டுமாம். இது என்ன நியாயம்? இன்னொரு கேள்வியும் உண்டு. வலிக்காமல் வேலை பார்க்க மவுஸ்தான் சரியா, டிராக்பாலா, பேனாவா? இந்த இரண்டு கேள்வியும் சுமார் 60 வருடத்துக்கு முன்பே ஒரு மனிதரின் மேசை மீது இருந்தன. மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட்தான் அவர்.

ராடார் திரை பார்த்த கண்

டக்ளஸ் கார்ல் எங்கெல்பார்ட் 1925 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகரில் பிறந்தார். வளர்ந்தது நகரத்தை ஒட்டிய ஒரு சின்னப் பண்ணையில். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். வசதியான குடும்பம் இல்லை. ஆரிகன் மாநிலக் கல்லூரியில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை இரண்டாம் உலகப் போர் பாதியில் இழுத்துக்கொண்டது. கடற்படையில் ராடார் டெக்னீஷியன் வேலை.

பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் போய்ச் சேர்வதற்குள் போர் முடிந்தேவிட்டது. அங்கே லெய்ட்டே தீவில், கால்கள் மேல் நின்ற ஒரு குடிசையில் செஞ்சிலுவைச் சங்கம் சிறிய நூலகம் வைத்திருந்தது. அங்கு உட்கார்ந்து அவர் படித்தவற்றில் ஒன்று, வன்னேவர் புஷ் என்ற அறிவியல் நிர்வாகி 1945-ல் எழுதிய கட்டுரை. ஒருவர் படித்த எல்லாவற்றையும் மேசைக்குள் சேமித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகும் கருவி வந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை அது. இருபது வயதுப் பையனுக்கு அது அப்போதைக்கு ஒரு சுவாரஸ்யம், அவ்வளவுதான்.

1948-ல் பட்டம். பிறகு கலிபோர்னியாவில் ஏம்ஸ் விமான ஆய்வுக்கூடத்தில் வேலை. 1950 டிசம்பரில் திருமணம் நிச்சயமானது. நல்ல வேலை, கல்யாணம், அடுத்து என்ன என்று யோசித்தவருக்கு வாழ்க்கைக்கு வேறு குறிக்கோளே இல்லை என்பது உறைத்தது. நம்மூர்ப் பையன்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகவே புரியும். பெரும்பாலானோர் அடுத்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பார்கள். எங்கெல்பார்ட் வேறு கணக்குப் போட்டார். உலகத்தின் பிரச்சினைகள் சிக்கலாகிக்கொண்டே போகின்றன. அவற்றைச் சேர்ந்து யோசித்துத் தீர்க்கும் திறமை மனிதர்களுக்கு அதே வேகத்தில் வளரவில்லை. அந்தத் திறமையைக் கூட்டுவதற்கு ஒரு கருவி வேண்டும்.

கணினி அந்தக் கருவியாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதற்குக் காரணம் ராடார். அப்போது கணினிகளே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. துளையிட்ட அட்டையைக் கொடுத்துவிட்டு, அச்சடித்த விடைக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் ராடாரில் கருவிக்குள் நடப்பது உடனுக்குடன் திரையில் தெரியும். ஆபரேட்டர் அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்வார். கணினிக்கும் ஏன் அப்படி ஒரு திரை இருக்கக்கூடாது?

இதைக் கையில் பிடித்துக்கொண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1955-ல் முனைவர் பட்டம் வாங்கினார். 1957-ல் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1962-ல் தன் யோசனை முழுவதையும் ஒரு நீண்ட அறிக்கையாக எழுதினார். அதன் பிறகுதான் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்தும் நாசாவிலிருந்தும் பணம் வந்தது.

முழங்காலால்கூடச் சுட்டிப் பார்த்தார்கள்

திரை வந்தாச்சு. திரையில் இருக்கும் ஒரு சொல்லை இதுதான் என்று கணினிக்கு எப்படிக் காட்டுவது?

இந்த இடத்தில்தான் எங்கெல்பார்ட் எனக்கு ரொம்பப் பிடித்த மனிதராகிறார். தன் யோசனைதான் சிறந்தது என்று அடம்பிடிக்கவில்லை. இருக்கிற கருவிகளை எல்லாம் மேசையில் வரிசையாக வைத்து, ஆட்களை உட்கார வைத்து, கடிகாரம் பார்த்து அளந்தார்.

போட்டியில் இருந்தவை இவை. திரையிலேயே தொட்டுக் காட்டும் லைட் பேனா. விமான ஓட்டிகள் பிடிப்பதுபோன்ற ஜாய்ஸ்டிக். கிராஃபகான் என்ற, கை நீட்டி நகர்த்தும் ஒரு கருவி. மேசைக்கு அடியில் பொருத்தி, முழங்காலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்து இயக்கும் ஒரு கருவி. கடைசியாக, மரக்கட்டைக்குள் இரண்டு சக்கரம் வைத்த ஒரு சின்னப் பெட்டி.

அந்தப் பெட்டிக்கான பொறி பிளானிமீட்டரிலிருந்து வந்தது. வரைபடத்தில் ஒரு நிலத்தின் ஓரத்தைச் சக்கரத்தால் சுற்றி வந்தால் பரப்பளவைச் சொல்லும் பழைய பொறியாளர் கருவி அது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரம் வைத்தால், ஒன்று பக்கவாட்டு நகர்வையும் மற்றொன்று முன்பின் நகர்வையும் அளக்கும். எங்கெல்பார்ட் குறிப்பேட்டில் கிறுக்கியதை 1964-ல் பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் செய்து கொடுத்தார். மேலே ஒரே ஒரு பட்டன். ஒயர் வால்போலத் தொங்கியது. யாரோ எலி என்று கூப்பிட, அதுவே நின்றுவிட்டது. யார் முதலில் கூப்பிட்டது என்று அந்தக் குழுவிலேயே யாருக்கும் நினைவில்லை.

சோதனையில் அளந்தது வெறும் வேகத்தை மட்டுமல்ல. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக் கருவியைப் பிடிக்க எவ்வளவு நேரம், பிடித்த பிறகு இலக்கைத் தொட எவ்வளவு நேரம், எத்தனை முறை தப்பான இடத்தைக் காட்டுகிறார்கள் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். பழகியவர்கள் ஒரு குழு, புதியவர்கள் இன்னொரு குழு. முடிவுகளை 1967-ல் வெளியிட்டார்கள்.

பழகியவர்களிடம் மவுஸ் ஜெயித்தது. வேகமும் அதிகம், தப்பும் குறைவு. ஆனால் புதியவர்களிடம் கதை வேறு. லைட் பேனாவும் அந்த முழங்கால் கருவியும் மவுஸைவிட வேகமாக இருந்தன. முழங்கால் கருவிக்குக் கையை எடுக்கவே வேண்டாம் அல்லவா! லைட் பேனாவைப் பழகவே தேவையில்லை, விரலால் காட்டுவதுபோலக் காட்டலாம். ஆனால் நாள் முழுக்கக் கையைத் தூக்கித் திரையருகே வைத்திருந்தால் தோள் என்ன ஆகும்?

முதல் நாளில் எது சுலபம் என்று பார்த்தால் ஒரு கருவி தேறுகிறது. ஒரு மாதம் கழித்து எது வேலையைக் குறைக்கிறது என்று பார்த்தால் வேறொன்று. எங்கெல்பார்ட் இரண்டாவதை எடுத்தார். அவர் வாழ்க்கையின் வெற்றி, தோல்வி இரண்டுமே இந்த ஒரு தேர்வுக்குள் அடங்கியிருக்கின்றன.

ஒரு சின்னத் திருத்தம். கணினியில் சுட்டும் கருவிகளில் மவுஸ்தான் முதலாவது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். தப்பு. கனடாக் கடற்படைக்காக 1952-லேயே டிராக்பால் செய்துவிட்டார்கள். அதில் உருண்டது ஒரு பவுலிங் பந்து! 1968-ல் டெலிஃபுங்கன் என்ற ஜெர்மன் கம்பெனியும் சக்கரத்துக்குப் பதில் உருண்டை வைத்த மவுஸ் ஒன்றைத் தன் போக்கில் வெளியிட்டது.

இன்று கடையில் எதை எடுப்பது?

எங்கெல்பார்ட் குழுவைப்போல நீங்களும் மூன்று கேள்விகள் கேட்கலாம். கை எவ்வளவு தூரம் நகர்கிறது, இலக்கு எவ்வளவு சின்னது, எத்தனை மணி நேரம்.

நாள் முழுக்க எக்ஸெல், மெயில் என்றால் சாதாரண மவுஸே போதும். உள்ளங்கைக்குப் பொருந்தும் அளவில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். லேப்டாப் பையில் அடங்கும் குட்டி மவுஸ் பயணத்துக்கு நல்லது. எட்டு மணி நேர வேலைக்கு விரல்களை மடக்கியே வைத்திருக்கும். டப்பாவில் பெரிய எழுத்தில் போடும் டிபிஐ எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அலுவலக வேலைக்கு ஆயிரத்தைச் சுற்றி இருந்தால் தாராளம்.

மேசை சின்னது, அல்லது தோளை நகர்த்தினால் வலிக்கிறது என்றால் டிராக்பால் பார்க்கலாம். கருவி இருந்த இடத்திலேயே இருக்கும், உருண்டை மட்டும் சுழலும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். புதியவர்களிடம் மவுஸே பின்தங்கிய கதையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர், பட்டுச் சேலைக்கான டிசைனைக் கணினியில் வரைபவர் என்றால் பேனா டேப்லெட் வேறு ரகம். கோடு இழுக்கும் வேலைக்கு மவுஸ் ஈடாகாது. கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் செங்குத்து மவுஸும் உண்டு. முன்கை முறுக்காமல் இருக்கும். வாங்குவதற்குமுன் நண்பருடையதை இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். வலி வாரக்கணக்கில் போகவில்லை என்றால் கருவியை மாற்றிக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

சுட்டலாம், மாற்ற முடியாது

இப்போது அந்த அனுமதிப் பெட்டிக்கு வருவோம். அதற்கு 1968 டிசம்பர் 9-க்குப் போக வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் கணினி மாநாடு. சுமார் ஆயிரம் பேர் அரங்கில். மேடையில் ஒரு நாற்காலி, காதில் மைக், வலது கையில் மவுஸ். எங்கெல்பார்ட் 90 நிமிடம் பேசினார். கணினியே மேடையில் இல்லை. சுமார் 48 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. நுண்ணலை வழியாகப் படம் வந்து பெரிய திரையில் விழுந்தது. பின்னால் இருந்து அத்தனை இணைப்பையும் ஓட்டியவர் அதே பில் இங்கிலீஷ்.

வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலை எழுதி, வகைவகையாகப் பிரித்துக் காட்டினார். ஒரு சொல்லைச் சுட்டினால் இன்னொரு பக்கத்துக்குத் தாவியது. இன்று நாம் லிங்க் என்கிறோம். திரையின் ஓரத்தில் மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியர் பில் பாக்ஸ்டனின் முகம் தெரிந்தது. இருவரும் ஒரே ஆவணத்தைப் பார்த்தபடி பேசினார்கள். கூகுள் டாக்ஸையும் ஜூமையும் சேர்த்தே பார்த்த மாதிரி. 1968-ல்!

அந்தக் காட்சியில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. திரையில் இரண்டு சுட்டிகள் ஓடின. ஒன்று எங்கெல்பார்ட்டுடையது, மற்றது பாக்ஸ்டனுடையது. பாக்ஸ்டன் எங்கு வேண்டுமானாலும் சுட்டிக் காட்டலாம். ஆனால் அந்த ஆவணத்தை மாற்றும் உரிமை எங்கெல்பார்ட்டிடம் மட்டும் இருந்தது. தன் சுட்டிக்குத்தான் பலம் அதிகம் என்று அவர் மேடையிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொண்டார்.

உத்திரமேரூர்க்காரரின் சிக்கலும் இதுதான். சுட்டுவது ஒரு உரிமை. மாற்றுவது வேறு உரிமை. அவர் வாங்கிய மவுஸ் செய்வதெல்லாம் இவ்வளவு தூரம் நகர்ந்தேன், இந்தப் பட்டன் அழுந்தியது என்று தகவல் சொல்வது மட்டுமே. அந்தத் தகவலை எந்த வடிவத்தில் சொல்ல வேண்டும் என்பதற்கு யுஎஸ்பி தரநிலையில் பொது விதி இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாமே அந்த மொழியைப் புரிந்துகொள்ளும் டிரைவரை உள்ளேயே வைத்திருக்கின்றன. அதனால் எந்தக் கம்பெனி மவுஸும் செருகியவுடன் ஓடும். புதிதாக எதுவும் கணினிக்குள் ஏறுவதில்லை.

பட்டனை மாற்றும் மென்பொருள் அப்படி அல்ல. கணினி ஆன் ஆகும்போதே அதுவும் எழுந்திருக்க வேண்டும். நீங்கள் எந்தச் செயலியில் இருந்தாலும் பட்டன் அழுத்தத்தை அது இடைமறிக்க வேண்டும். தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளவும் செய்யும். சிலவற்றில் கணினியின் மையத்தில் ஓடும் தனி டிரைவரும் இருக்கும். இவ்வளவு அதிகாரத்தை ஒரு புரோகிராமுக்குக் கொடுத்தால், அதில் ஒரு ஓட்டை இருந்தாலும் மொத்த லேப்டாப்பும், அதன் வழியே கம்பெனி நெட்வொர்க்கும் திறந்துவிடும்.

பயமுறுத்தலாகத் தெரிகிறதா? 2021 ஆகஸ்டில் நடந்தது இது. ரேசர் நிறுவனத்தின் மவுஸை விண்டோஸ் 10 கணினியில் செருகினால், அதன் மென்பொருளை விண்டோஸே தானாக இறக்கி, உச்ச அதிகாரத்துடன் இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்தது. எந்த ஃபோல்டரில் வைக்கலாம் என்று கேட்கும் ஜன்னலிலிருந்து, அதே உச்ச அதிகாரத்துடன் கட்டளைத் திரையைத் திறக்க முடியும் என்று ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்து வெளியே சொன்னார். அதாவது, யாரோ ஒருவரின் கணினிக்கு அருகில் ஒரு மவுஸுடன் போய் உட்கார்ந்தால், பாஸ்வேர்டே இல்லாமல் நிர்வாகி ஆகிவிடலாம். சரிசெய்வதாக நிறுவனம் அறிவித்தது. ஐடி டீம்காரர்கள் மவுஸ் மென்பொருள் என்றதும் முகம் சுளிப்பது சும்மா இல்லை.

கல்லில் எழுதிய அனுமதி

உரிமையைப் பிரித்துக் கொடுப்பது கணினிக்காரர்கள் கண்டுபிடித்த புதுச் சங்கதி இல்லை. நம் உத்திரமேரூர்க்காரர் தெருவில் இறங்கி வைகுண்டப் பெருமாள் கோயில் வரை நடந்தால் போதும். அங்கே சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் குடவோலை முறை என்று படித்தோமே, அதுதான்.

ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். கணினி அனுமதியோடு ஒப்பிட வேண்டியது அதை அல்ல, பொறுப்புகளைப் பிரித்த விதத்தை. ஏரிக்கு ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன்னுக்குப் பொன் வாரியம். ஏரியைப் பார்ப்பவருக்குப் பொன்னில் கை வைக்கும் அதிகாரம் கிடையாது. பொறுப்பு ஓராண்டுக்குத்தான். கடந்த மூன்று ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவர் மறுபடி வர முடியாது. கணக்கு ஒப்படைக்காதவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. வேலைக்குத் தேவையான அளவு மட்டும் உரிமை, தேவையான காலத்துக்கு மட்டும் என்று இன்று கணினிப் பாதுகாப்பில் சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் குடத்தில் பெயர் விழுவதற்கே வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டும். பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை அது. பெண்களுக்கோ, அதே ஊரில் உழுதவர்களுக்கோ அங்கே பெயர் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அது நிரந்தரமாகப் பூட்டிய கணினி.

ஆனால் ஒன்று. விதி எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது. 919-ல் 30 முதல் 60 என்று இருந்த வயது வரம்பு, 921-ல் 35 முதல் 70 என்று மாறியது. பழையதைச் சுரண்டி எடுக்கவில்லை. புதியதையும் வெட்டினார்கள். இன்று இரண்டையும் வைத்து என்ன மாறியது என்று பார்க்க முடிகிறது.

எங்கெல்பார்ட்டின் குழுவும் 1970 வாக்கில் இப்படி ஒன்றைச் செய்தது. ஜர்னல் என்று பெயர். ஒரு குறிப்பை அதில் சேர்த்துவிட்டால் ஒரு எண் கிடைக்கும், அதன் பிறகு எழுதியவரே நினைத்தாலும் அதைத் திருத்த முடியாது. கருத்து மாறினால் புதுக் குறிப்பு எழுதி, பழையதன் எண்ணைச் சுட்ட வேண்டும். மற்ற ஆவணங்களில் தாராளமாகத் திருத்த அனுமதித்தவர், இங்கே மட்டும் யாருக்கும் அனுமதி தரவில்லை. சேர்ந்து யோசிக்கும் கூட்டத்துக்கு அடித்துத் திருத்தாத ஒரு பதிவு வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பூட்டிய லேப்டாப்பில் என்ன செய்யலாம்?

நிர்வாகி பாஸ்வேர்டைத் தாண்டுவது எப்படி என்று யூடியூபில் தேட வேண்டாம். வேலை போகும் விஷயம். அனுமதி இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இடது கைக்காரர்களுக்கு இரண்டு பட்டன்களையும் இடம் மாற்றுவது, கர்சரின் வேகம், அளவு, நிறம், ஸ்குரோல் எத்தனை வரி நகர வேண்டும் எல்லாமே விண்டோஸ் செட்டிங்ஸிலேயே உண்டு. அது உங்கள் கணக்குக்கு மட்டும் பொருந்தும் மாற்றம். பெரும்பாலான கம்பெனிகள் அதைப் பூட்டுவதில்லை.

பக்கவாட்டுப் பட்டன்களை மாற்றியே ஆக வேண்டும் என்றால், மவுஸுக்குள்ளேயே நினைவகம் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் சொந்தக் கணினியில் அந்த மென்பொருளை இன்ஸ்டால் செய்து, பட்டன்களை மாற்றி, மவுஸில் பதிந்துகொண்டால் போதும். கம்பெனி லேப்டாப்பைப் பொறுத்தவரை அது வெறும் மவுஸ். எல்லா மாற்றமும் இப்படிப் பதியாது, வாங்குமுன் கேளுங்கள். வெளியிலிருந்து யுஎஸ்பி கருவி எதையும் செருகக் கூடாது என்று உங்கள் கம்பெனியில் விதி இருந்தால் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐடி டீமுக்கு எழுதுவதாக இருந்தால், மவுஸ் சாஃப்ட்வேர் வேணும் என்று ஒரு வரி எழுதினால் டிக்கெட் கிடப்பில்தான் கிடக்கும். மென்பொருளின் முழுப் பெயர், பதிப்பு எண், தயாரிப்பாளரின் தளத்தில் அது இருக்கும் இடம், எதற்குத் தேவை என்று எழுதுங்கள். மணிக்கட்டு வலி என்றால் அதையும் எழுதலாம், அதில் வெட்கம் இல்லை. மறுத்தால் காரணம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விதி போட்டவர் அதைச் சுவரில் எழுதி வைக்கக் கடமைப்பட்டவர்தானே.

காப்புரிமை முடிந்த வருடம்

மவுஸுக்கான காப்புரிமையை 1967 ஜூனில் கேட்டார்கள். 1970 நவம்பர் 17 அன்று கிடைத்தது. கண்டுபிடித்தவர் என்று எங்கெல்பார்ட் பெயர், உரிமையாளர் என்று நிறுவனத்தின் பெயர். அந்தக் கண்டுபிடிப்புக்கு ராயல்டி என்று அவருக்கு ஒரு காசும் வரவில்லை. ஆப்பிள் நிறுவனத்துக்கு ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் சுமார் 40,000 டாலருக்கு உரிமம் கொடுத்தது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. 1970-களின் தொடக்கத்தில் பில் இங்கிலீஷ் உட்படக் குழுவின் முக்கிய ஆட்கள் பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய ஜெராக்ஸ் ஆய்வு மையத்துக்குப் போனார்கள். அங்கே 1973-ல் ஆல்டோ கணினி மவுஸுடன் வந்தது. 1983-ல் ஆப்பிளின் லிசா, 1984-ல் மேக்கின்டாஷ். மவுஸ் உலகம் முழுக்கப் போனது. ஆனால் அவருடைய யோசனையில் பாதி மட்டும்தான் போனது.

மீதிப் பாதி அவருடைய இடது கையில் இருந்தது. பியானோவின் கட்டைகள்போல ஐந்து கட்டைகள் கொண்ட ஒரு சின்னக் கருவி. ஐந்தையும் தனியாகவும் சேர்த்தும் அழுத்தினால் 31 சேர்க்கைகள் வரும். வலது கை மவுஸில் சுட்டும், இடது கை அதே நேரத்தில் கட்டளை கொடுக்கும். பழகியவர்கள் பறப்பார்களாம். பழகத்தான் யாரும் தயாராக இல்லை. கடையில் வைத்து விற்கும் பொருளுக்கு முதல் ஐந்து நிமிடம்தான் முக்கியம், ஆறாவது மாதம் அல்ல. ஆப்பிள் தன் மவுஸில் ஒரே ஒரு பட்டனைத்தான் வைத்தது. எங்கெல்பார்ட் குழுவினரோ மூன்று வைத்திருந்தார்கள். அதுவும் இடம் இல்லாததால்தான் மூன்று.

உபயோகிப்பவரே தன் கருவியைத் திருத்திக்கொண்டே போக வேண்டும், திருத்தத் திருத்த அவரும் வளர வேண்டும் என்பது எங்கெல்பார்ட்டின் அடிப்படை எண்ணம். நிர்வாகி கணக்கு வேறு, உபயோகிப்பவர் கணக்கு வேறு என்று பிரித்துப் பூட்டிய இன்றைய அலுவலக லேப்டாப் அதற்கு நேர் எதிர். பூட்டுக்குக் காரணம் இருக்கிறது, மேலே பார்த்தோம். ஆனாலும் அவர் இருந்து ஒரு ஐடி டிக்கெட் போட நேர்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

1977-ல் அவருடைய ஆய்வுக்கூடத்தை டைம்ஷேர் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அவருடைய மென்பொருளுக்கு ஆக்மென்ட் என்று பெயர் மாற்றி விற்கப் பார்த்தார்கள். 1984-ல் அந்தக் கம்பெனியை விமானம் கட்டும் மெக்டானல் டக்ளஸ் வாங்கியது. அங்கே அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. 1986-ல் வெளியே வந்தார். மவுஸ் காப்புரிமையின் 17 ஆண்டு காலம் அடுத்த ஆண்டு, 1987-ல், முடிந்தது. மவுஸ் விற்பனை சூடுபிடித்த நேரம் அது.

1988-ல் மகள் கிறிஸ்டினாவுடன் சேர்ந்து ஒரு சிறிய நிறுவனம் தொடங்கினார். உட்கார இடம் கொடுத்தது லாஜிடெக். ஆமாம், மவுஸ் விற்றே வளர்ந்த அதே லாஜிடெக்.

மரியாதை தாமதமாக வந்தது. 1997-ல் ஐந்து லட்சம் டாலர் கொண்ட லெமெல்சன்–எம்ஐடி பரிசு, அதே ஆண்டுக்கான டூரிங் விருது. மனைவி பல்லார்ட் இறந்ததும் அதே ஆண்டில்தான். 2000-ல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம். எல்லா இடத்திலும் மவுஸைக் கண்டுபிடித்தவர் என்றே அறிமுகப்படுத்தினார்கள். 2000-களிலும் அவர் மேசையில் ஓடியது அந்தப் பழைய ஆக்மென்ட்தான். வலது கையில் மவுஸ், இடது கையில் அந்த ஐந்து கட்டைகள். 2013 ஜூலை 2 அன்று கலிபோர்னியாவின் ஆதர்ட்டனில், தன் வீட்டில் காலமானார். வயது 88.